ஒரு மூச்சுக்குப் பல பெயர்: ஆஸ்துமாச் செயல்திட்டமும் தமிழ்க் கலைச்சொல் வரலாறும்

சிலாங்கூர் மாநிலத்தின் கோல லங்காட் மாவட்டத்தில், கிள்ளானுக்கும் பந்திங்குக்கும் இடையே அமைந்த ஊர் ஜெஞ்சாரோம். புதுக்கிராமமும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களுமாக வளர்ந்த இவ்வூரின் பெயர் 2018ஆம் ஆண்டில் உலகச் செய்திகளில் இடம்பெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவுகளுக்குத் தன் வாயிலை அடைத்தது. வழி மாறிய கழிவுகள் பெருமளவில் மலேசியாவுக்கு வந்தன. கிள்ளான் துறைமுகத்துக்கு அணித்தான கோல லங்காட்டில் உரிமம் பெறாத மறுசுழற்சித் தொழிற்கூடங்கள் பெருகின. இரவில் எரிந்த நெகிழியின் புகை வீடுகளுக்குள் புகுந்தது. இருமலும் மூச்சுத்திணறலும் மிகுந்தன என ஊர்மக்கள் முறையிட்டனர். தொழிற்கூடங்கள் பல மூடப்பட்ட பின்னரும் ஏறத்தாழ 17,000 டன் கழிவு அங்கே குவிந்து கிடந்ததாக 2019இல் செய்திகள் வெளிவந்தன.

இவ்வட்டாரத்துக்குப் புகை புதியதன்று. ஜொஹான் செத்தியாவின் சதுப்பு நிலம் வறண்ட காலங்களில் தீப்பற்றிப் பல நாள் புகைவதைக் கிள்ளான் மக்கள் நெடுங்காலமாக அறிவர். 2005 ஆகஸ்டு 11 அன்று புகைமூட்டத்தின் கடுமையால் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இத்தகைய மண்ணில் ஆஸ்துமா மருத்துவர்கள் மட்டும் பேசும் நோயாக இருத்தல் இயலாது. அது அடுக்களையிலும் வகுப்பறையிலும் பேருந்து நிறுத்தத்திலும் பேசப்படுவது. அங்கெல்லாம் நம் மக்கள் அதனை எச்சொல்லால் பேசுகின்றனர், அச்சொற்கள் எங்கிருந்து வந்தன, ஒன்றோடொன்று மோதும்போது என்ன நேர்கிறது என்பனவே இவ்வுரையில் நாம் ஆராயப் புகும் பொருள்.

ஒரு தாளின் பிறப்பு

ஆஸ்துமாச் செயல்திட்டம் என்பது பெரும்பாலும் ஒரே தாள். நலமாக இருக்கும் நாளில் எம்மருந்தை எத்தனை முறை இழுப்பது, மூச்சு இறுகத் தொடங்கினால் எதனைக் கூட்டுவது, எந்நிலையில் மருத்துவமனைக்கு விரைவது என்னும் மூன்று வினாக்களுக்கு அது விடை கூறுகிறது. எழுதித் தருபவர் மருத்துவர். ஆயினும் மருத்துவர் அருகில் இல்லாத வேளையில் தாயோ பாட்டியோ ஆசிரியரோ எடுத்துப் படிப்பதற்காகவே அது எழுதப்படுகிறது.

இத்தாளின் வயது குறைவு. அழுத்தக் குப்பியிலிருந்து அளந்து வெளிவரும் இழுப்பு மருந்து 1956இல் விற்பனைக்கு வந்தது. மூச்சை ஊதி அதன் விசையை அளக்கும் கருவியை ரைட், மெக்கெரோ என்னும் இருவரும் 1959இல் வெளியிட்டனர். இறுகிய மூச்சுக்குழாயை விரைந்து தளர்த்தும் சால்பியூட்டமால் 1960களின் இறுதியிலும், குழாயின் அழற்சியை நாளடைவில் தணிக்கும் பெக்லோமெத்தசோன் 1970களின் தொடக்கத்திலும் புழக்கத்துக்கு வந்தன. இவை வந்த பின்னரே 'இன்ன அளவு குறைந்தால் இன்னதைச் செய்க' என்று எழுதித் தருவது இயல்வதாயிற்று. நோயாளிக்கு எழுத்துவழி அறிவுரை வேண்டும் என்னும் கருத்து 1980களின் இறுதியில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வலுப்பெற்றது. நியூசிலாந்தில் மௌரி மக்களிடையே சட்டைப்பையில் அடங்கும் சிறு அட்டை வடிவிலான திட்டம் ஒன்று சோதிக்கப்பட்டு, அதன் முடிவு 1994இல் வெளிவந்தது. உலக ஆஸ்துமா முன்முயற்சி என்னும் அமைப்பு 1993இல் தோன்றியது. மலேசியச் சுகாதார அமைச்சின் வழிகாட்டி நூல்கள் குழந்தைகளுக்காக 2014இலும் பெரியவர்களுக்காக 2017இலும் வந்தன.

இத்தாள் பிறந்த ஆங்கிலத்திலேயே அதற்கு ஒரு பெயர் அமையவில்லை. ஒருவர் செயல்திட்டம் என்றார். ஒருவர் மேலாண்மைத் திட்டம் என்றார். மற்றொருவர் தன்மேலாண்மைத் திட்டம் என்றார். பள்ளிகளில் பராமரிப்புத் திட்டம் எனவும் வழங்கிற்று. மூலத்தில் நான்காக இருந்தது தமிழுக்கு வரும்போது பெருகியதில் வியப்பில்லை. ஆங்கிலத்தில் மேலாண்மையைக் குறிக்கும் ஒரு சொல் தமிழ்நாட்டில் 'மேலாண்மை', இலங்கையில் 'முகாமைத்துவம்', மலேசியாவில் பெரும்பாலும் 'நிர்வாகம்'. 'ஆஸ்துமா நிர்வாகம்' எனக் கேட்கும் நம் ஊர்ப் பெரியவருக்கு நினைவுக்கு வருவது தோட்டத்து அலுவலகமே.

பெயர்ச் செல்வம்

தொல்காப்பியர் திரிசொல்லை இருவகைப்படுத்தினார். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்கள் ஒருவகை. பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல் மற்றொருவகை. பின்வந்த நிகண்டுகள் இவ்விரண்டையும் தொகுத்துப் புலவர்க்கு வழங்கின. செய்யுளுக்கு இது செல்வம். மூச்சு முட்டும் குழந்தையின் அருகில் நின்று தாளைப் படிப்பவருக்கு இவ்விரண்டும் இடர்.

முதலில் ஒரு பொருட்குப் பல சொல். இந்நோய்க்குத் தமிழில் இரைப்பு, இளைப்பு, இழுப்பு, ஈளை, சுவாசகாசம் எனப் பெயர்கள் உள. யாழ்ப்பாணத்தார் முட்டு என்றும் தொய்வு என்றும் வழங்குவர். வடமொழி மருத்துவ நூல்கள் மூச்சு நோயை ஐந்தாகப் பகுத்து, அவற்றுள் ஆஸ்துமாவை ஒத்ததைத் தமக சுவாசம் என்றன. இவற்றின் மேல் ஆஸ்துமா என்னும் கிரேக்கச் சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்தமர்ந்தது. அக்கிரேக்கச் சொல்லுக்கும் மூச்சு வாங்குதல் என்பதே அடிப்பொருள். ஆகவே இரைப்பு என்றவரும் ஆஸ்துமா என்றவரும் ஒரே காட்சியைக் கண்டே பெயரிட்டனர்.

இனிப் பல பொருட்கு ஒரு சொல். இங்கேதான் நாம் விழிப்போடு இருத்தல் வேண்டும்.

காசம் என்பது பழைய மருத்துவ நூல்களில் இருமல். இன்றைய வழக்கில் காசநோய் என்பது நுரையீரலைத் தாக்கும் தொற்றுநோய். கண்ணில் படரும் புரையையும் காசம் என்போர் உளர். எனவே 'சுவாசகாசம்' என்று ஏட்டில் எழுதினால், பக்கத்து வீட்டார் அக்குழந்தையைத் தொற்றுநோயாளியாக எண்ணி ஒதுக்க இடமுண்டு. மலாயிலும் இதனையொத்த சிக்கல் உண்டு. 'பாத்துக் கெரிங்' என்பதன் நேர்ப்பொருள் வறட்டு இருமல். மக்கள் வழக்கில் அது காசநோயின் பெயர். இருமொழி பேசும் வீட்டில் வறட்டு இருமல் என்னும் எளிய தொடரும் இவ்வாறு நிழல் படிந்து போகிறது.

இளைப்பு என்பது மூச்சு வாங்குதல்; களைப்பு; உடல் மெலிவு. உடலை உருக்கும் காசநோயையும் முன்னோர் இளைப்பு நோய் என்றனர். மலாய்ச் சொல் 'லெலா' இதற்கு உடன்பிறப்பைப் போன்றது. களைப்புக்கும் அதுவே பெயர். ஆஸ்துமாவுக்கும் வழிவழியாக அதுவே பெயர். விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற தலைமுறையினர் 'இளைப்பாக இருக்கிறது' என்று கூறினால், கேட்பவர் அதனை உழைப்பின் அயர்வாகக் கொள்வதே இயல்பு. நோயும் அயர்வும் ஒரே சொல்லில் குடியிருந்தமையால், நோயைத் தனியே சுட்டிக்காட்டும் வலிமை அச்சொல்லுக்கு இல்லாமற்போயிற்று.

இழுப்பு என்பது மூச்சிழுப்பு. கை கால் வெட்டி இழுக்கும் வலிப்பும் இழுப்பே. இக்காலத்தில் மருந்தை ஒருமுறை உறிஞ்சுவதும் ஓர் இழுப்பு ஆயிற்று. 'இழுப்பு வந்தால் 2 இழுப்பு' என்று எழுதப்பட்ட வரியை எண்ணிப் பார்ப்போம். எழுதியவருக்கு அது தெளிவு. இரவு 2 மணிக்குப் படிப்பவருக்கு அது புதிர்.

கடன்சொல்லை மேற்கொண்டாலும் தொல்லை முற்றாகத் தீரவில்லை. ஆஸ்துமா, ஆஸ்த்மா, ஆஸ்மா என எழுத்து பலவாயிற்று. கிரந்த எழுத்தை விலக்கி 'ஆத்துமா' என எழுதப் புகுந்தால் அது உயிரைக் குறிக்கும் சொல்லாகிவிடுகிறது.

முன்னோர் செய்த முயற்சிகள்

மருத்துவத்தைத் தமிழில் சொல்லும் முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார்; மானிப்பாயில் தமிழ்வழியே மருத்துவம் கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், வைத்தியாகரம், மனுஷ சுகரணம் எனப் பல நூல்களைத் தம் மாணாக்கரின் துணையோடு தமிழில் வெளியிட்டார். தமிழில் சொல் உண்டாயின் அதனைக் கொள்க, இல்லையாயின் வடமொழியை நாடுக, அதிலும் பொருந்தாவிடின் ஆங்கிலத்தைத் தமிழெழுத்தில் தருக என்பது அவர் கைக்கொண்ட நெறி. வேதியியலைக் 'கெமிஸ்தம்' என்று அவர் நூல் அழைத்தது.

அச்சொற்களிற் பல இன்று வழக்கிழந்தன. சுகரணம் உடலியங்கியல் ஆயிற்று; கெமிஸ்தம் தமிழ்நாட்டில் வேதியியலாகவும் இலங்கையில் இரசாயனவியலாகவும் பிரிந்தது. நல்ல சொல் அமைவதால் மட்டும் அது நிலைபெறாது. அதனைத் தொடர்ந்து கற்பிக்கும் பள்ளியும் பேசும் மருத்துவமனையும் வேண்டும். கிறீனுக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி தொடராமற்போனது; சொற்கள் நூலகத்தில் தங்கின.

தமிழ்நாட்டில் 1916இல் சேலத்தில் இராஜாஜி உள்ளிட்டோர் தமிழ் சாத்திரீயச் சொற் சங்கத்தை நிறுவினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ஏறத்தாழ 10,000 சொற்கள் அடங்கிய 'கலைச்சொற்கள்' என்னும் தொகுதியை வெளியிட்டது. 1940இல் அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடமொழிச் சார்போடு நிற்கிறது எனத் தமிழறிஞர் எதிர்த்தனர். இவ்விவாதங்கள் பெரும்பாலும் சொல்லின் குலத்தைப் பற்றியன: இது தமிழா, வடமொழியா, ஆங்கிலமா? அவ்வினாவுக்கு அக்காலத்தில் தேவை இருந்தது. அதனால் நம் மொழி பெற்ற பயனும் பெரிது. ஆயினும் 'இச்சொல்லைக் கேட்பவர் என்ன செய்வார்?' என்னும் வினா அவ்வளவு உரக்கக் கேட்கப்படவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் அன்று எழவில்லை. மருத்துவர் படிக்கும் நூலுக்கும் மாணவர் எழுதும் தேர்வுக்குமே அச்சொற்கள் ஆக்கப்பட்டன. நோயாளி தாமே படித்துச் செயற்படும் தாள் அப்போது பிறக்கவில்லை.

மலாயாவுக்கு இவ்விரு மரபும் கப்பலேறி வந்தன. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து தோட்டத்துக்கு வந்தோர் இழுப்பு, இளைப்பு என்னும் சொற்களோடு வந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து எழுத்தராகவும் ரயில்வே ஊழியராகவும் மருத்துவமனைப் பணியாளராகவும் வந்து பிரிக்பீல்ட்ஸிலும் பிற இடங்களிலும் குடியேறியோர் முட்டு, தொய்வு என்பவற்றோடு வந்தனர். லயத்தில் பேசப்பட்ட சொல் வேறு, மருந்து தருபவரின் சொல் வேறு, பதிவேட்டில் ஏறிய ஆங்கிலச் சொல் வேறு. இவற்றை இணக்கும் பொறுப்பு எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை.

தேசிய மொழியின் நிலை வேறு. டேவான் பகாசா டான் புஸ்தாக்கா 1956இல் அமைந்தது. 1972இல் இந்தோனேசியாவோடு கூட்டு மொழிமன்றம் ஏற்பட்டது. 1985இல் புருணை இணைந்தது. இன்று அரசு மருந்தகத்துத் தாளில் 'அஸ்மா' என்பதே சொல். பேச்சில் 'லெலா' தொடர்ந்து வாழ்கிறது. எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று என்னும் இவ்வமைதி மலாய் பேசுவோரைக் குழப்புவதில்லை. எழுத்தில் வருவது எப்போதும் ஒன்றாக இருப்பதே அதற்குக் காரணம். நம் நிலையோ எழுத்திலும் பலவாக இருக்கிறது. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டு, ஏறத்தாழ பத்தாண்டுக்குப் பின் தமிழ்ப் பள்ளிகளில் மீண்டும் தமிழுக்குத் திரும்பின. அவ்விடைக்காலத்தில் படித்தோர் இன்று பெற்றோர். நுரையீரல், மூச்சுக்குழாய் என்னும் சொற்களை வகுப்பறையில் கேளாமலே அவர்கள் வளர்ந்தனர்.

தாளுக்குள்ளே

ஜெஞ்சாரோமில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். தாயும் தந்தையும் பணிக்குச் செல்ல, ஏழு வயதுப் பேரனைப் பாட்டி பார்த்துக்கொள்கிறார். பள்ளிப் படிவம் மலாயில் உள்ளது. மருந்துப் பெட்டியில் ஆங்கிலம். தமிழகத்திலிருந்து வந்த கைந்நூல் ஒன்றும் அயல்நாட்டு மொழிபெயர்ப்பு ஒன்றும் வீட்டில் உள்ளன. பேரன் மருந்துக் குழலைப் 'பம்பு' என்கிறான். கைந்நூல் அதனை 'உள்ளிழுப்பான்' என்கிறது. மற்றது 'உறிஞ்சி' என்கிறது. பாட்டிக்குத் தமிழ் நன்கு படிக்கத் தெரியும். ஆயினும் எந்தத் தமிழ்?

நாள்தோறும் இழுக்க வேண்டிய மருந்தைச் சில தாள்கள் 'தடுப்பு மருந்து' என்கின்றன. நம் மக்களுக்குத் தடுப்பு மருந்து என்பது குழந்தைக்கு ஒருமுறையோ சிலமுறையோ போடப்பட்டு முடிவது. அப்பெயரைக் கண்டவர் 'போட்டாயிற்று' என்று நிறுத்திவிட்டால் பிழை அவருடையதன்று. விரைந்து தளர்த்தும் மருந்து 'நிவாரணி', 'தணிப்பான்', 'மீட்பு மருந்து' என மூன்று பெயரில் வருகிறது. மூன்றும் வெவ்வேறு மருந்து என எண்ண இடமுண்டு.

திட்டம் பொதுவாகப் பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று பிரிவுடையது. ஊதும் கருவியில் நோயாளியின் சிறந்த அளவில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள். 50க்குக் கீழ் சிவப்பு. இப்பிரிவைச் சிலர் 'மண்டலம்' என்று பெயர்த்தனர். நாட்டு மருத்துவம் அறிந்த முதியவருக்கு மண்டலம் என்பது மருந்துண்ணும் 48 நாள். 'மஞ்சள் மண்டலத்தில் இம்மருந்து' என்பதை அவர் எவ்வாறு கொள்வார்? சிலர் 'வலயம்' என்றனர். இலங்கையில் அது பழகிய சொல், இங்கே அவ்வளவாகப் பழகாதது.

மருத்துவமும் நிற்பதில்லை. விரைந்து தளர்த்தும் மருந்தை மட்டுமே தனித்து நம்பியிருத்தல் கூடாது என்று உலக ஆஸ்துமா முன்முயற்சி 2019இல் அறிவுறுத்தியது. அழற்சியைத் தணிக்கும் மருந்தும் குழாயைத் தளர்த்தும் மருந்தும் ஒரே குழலில் சேர்ந்து, அன்றாடத்துக்கும் அவசரத்துக்கும் அதுவே பயன்படும் முறையும் பரவியுள்ளது. தடுப்பான் ஒன்று, நிவாரணி ஒன்று எனப் பிரித்துப் பெயரிட்ட கலைச்சொற்கள் இம்முறையில் பொருளிழக்கின்றன. ஆக்கிய சொல் நிலைபெறுமுன்னரே அது குறித்த பொருள் மாறிவிடுகிறது.

நாம் கொள்ளத்தக்க நெறி

இவ்வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகளுக்கு நாம் வருகிறோம்.

முதலாவது, நோயின் பெயர். எழுத்தில் ஆஸ்துமா என்னும் ஒரே வடிவத்தைக் கொள்ளலாம். மருந்துப் பெட்டியிலும் பள்ளிப் படிவத்திலும் உள்ள சொல்லுக்கு அது நெருங்கியது. பிற பொருள் எதனோடும் மயங்காதது. இரைப்பு, இளைப்பு, இழுப்பு, முட்டு என்பவற்றை நாம் துறக்க வேண்டியதில்லை. தாளின் முதல் வரியில் 'இழுப்பு, இளைப்பு எனவும் வழங்கும் நோய்' என்று ஒருமுறை கூறிவிட்டால், பாட்டி தம் சொல்லைக் கண்டு தாளுக்குள் நுழைவார். பின்னர் இறுதிவரை ஆஸ்துமா ஒன்றே வரவேண்டும்.

இரண்டாவது, தாளின் பெயர். செயல்திட்டம் என்பதே பொருத்தம் எனக் கருதுகிறோம். பராமரிப்பு என்பது பிறர் நமக்குச் செய்வது; மேலாண்மையும் நிர்வாகமும் அலுவலகத்தைச் சார்ந்தவை. செயல் என்பது தாளை ஏந்தியவர் செய்ய வேண்டியது. பெயரே கடமையை உணர்த்துகிறது.

மூன்றாவது, தாளின் உள்ளடக்கம். மருந்தின் வகைப்பெயரை ஆக்குவதினும் அதனைப் பயன்படுத்தும் வேளையைக் கூறுவது நிலைபெறும். 'நாள்தோறும் காலையும் மாலையும்', 'மூச்சு இறுகும்போது' என்னும் தொடர்கள் எம்மருந்து மாறினும் மாறா. அருகில் பெட்டியில் உள்ள பெயரைத் தமிழெழுத்தில் அவ்வாறே எழுதலாம். அளவை 'இழுப்பு' என்னாது '2 முறை' என்க. பிரிவை மண்டலம் என்னாது 'நிலை' என்க: பச்சை நிலை, மஞ்சள் நிலை, சிவப்பு நிலை.

இவை எளிய சொற்கள். இவற்றிற் புலமை காட்ட இடமில்லை என்பார் இருக்கலாம். கிறீன் முதல் மாகாணத் தமிழ்ச் சங்கத்தார் வரை நம் முன்னோர் பெரும் உழைப்பால் ஆக்கிய ஆயிரக்கணக்கான சொற்கள் நமக்கு வழிகாட்டுகின்றன. அவர்தம் பட்டியல்களை அறிஞர் அவை தேர்ந்தது. இத்தாளைத் தேர வேண்டிய அவை வேறு. அச்சிடுமுன் அதனை ஒரு பாட்டியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லி, 'இப்போது என்ன செய்வீர்கள், பாட்டி?' என்று கேட்டல் வேண்டும். அவர் தயங்கும் இடத்தில் உள்ள சொல் எத்துணை அழகியதாயினும் மாற்றத்தக்கது.

ஜெஞ்சாரோமின் காற்றைத் தூய்மையாக்குவது சட்டத்தின் கடன். மருந்து தருவது மருத்துவத்தின் கடன். தாளில் உள்ள சொல் ஒன்றாயிருக்கச் செய்வது மொழியைப் போற்றுவோராகிய நம் கடன். மூச்சுத் திணறும் ஒரு குழந்தைக்கும் அதன் கையில் எட்டவேண்டிய மருந்துக்கும் இடையே ஒரு சொல் தடையாக நிற்குமாயின், அதனை அகற்றும் பணிக்கு நம்மையன்றிப் பிறர் வாரார்.